நீங்கள் இருக்கிறீர்களா?

பிப்ரவரி 9

அக்கா,

நாலு நாளாக உன் நம்பருக்கு அடிக்கிறேன். அரை ரிங்கிலேயே கட்டாகிறது. நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்பதே அத்தான் சொல்லித்தான் தெரியும். அவரும், "எனக்கு ரெண்டு பேரும் வேணும்ப்பா, என்னை நடுவுல இழுக்காதே" என்று வைத்துவிட்டார். மெயிலை நீ திறந்ததாகவே தெரியவில்லை. கடைசியில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். தபால் போய்ச் சேர அஞ்சு நாளாம். அஞ்சு நாள்!

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நம் சபைத் தலைமையகம் அனுப்பிய பட்டியலை நான் தயாரிக்கவில்லை. கம்ப்யூட்டர் தயாரித்தது. அந்த ப்ரோக்ராமை எழுதியவன் நான், அவ்வளவுதான். ஊழிய உரிமத்துக்கான இந்த ஆன்லைன் படிப்பில் சேர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் ஆயர்கள். மீதிப் பேர் உன்னைப்போல வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சபை நடத்துகிறவர்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம். முப்பத்தோரு பேர் 'ஆன்மிக வளர்ச்சி'ப் பகுதியில் தேறவில்லை. நீ அதில் மூன்றாவது. அது அகர வரிசை, நான் வைத்த இடம் இல்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மறந்த மாதிரி நடந்துகொள்வதால் சொல்கிறேன். எட்டு வாரம். வாரம் நாலு வீடியோ, ஒரு வினாத்தாள், ஒரு பக்கக் கட்டுரை, ஒரு மௌன அமர்வு. திரையில் மெழுகுவர்த்தி தெரியும், மணி அடிக்கும், இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும், மறுபடி மணி அடிக்கும். எட்டில் ஆறுக்கு வருகை இருந்தால் போதும். உனக்கு ஒன்று. வினாத்தாளில் தொண்ணூற்றாறு வாங்கியவளுக்குச் சும்மா இருப்பதில் ஒன்று!

பட்டியல் வந்த அன்றைக்குப் போனில் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் நிலைமையையும் யோசி. படிப்பு இயக்குநர் என் மேசைக்கே வந்து, "என்னப்பா, அக்கா ரொம்ப பிஸியோ?" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் பதினைந்து வரை மேல்முறையீடு செய்யலாம். ஒரு பக்கம் படிவம். காரணம் எழுது, அனுப்பு. செய்யாவிட்டால் மாதக் கடைசியில் உன் ஊழிய உரிமம் போய்விடும்.

பதில் போடு, சீக்கிரம்.

உன் தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் வரியை விட்டு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பட்டியலை நம் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பெருக்கித் துடைக்கும் முறை யாருக்கு என்ற தாளுக்குப் பக்கத்தில். அந்தத் தாளிலும் என் பெயர் இருக்கிறது, இந்த மாதம் மூன்றாவது சனி. அதை யாரும் அடிக்கவில்லை. துடைக்க உரிமம் வேண்டாம் போலிருக்கிறது.

கமிட்டி கூடிப் பேசியது. உரிமம் சரியாகும் வரை நான் மேடை ஏற வேண்டாம் என்று முடிவு. மேடைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியின் சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். போன ஞாயிறு செயலாளர் அச்சடித்த பிரசங்கம் ஒன்றை வாசித்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பதினொரு வருஷமாக முன்னால் நின்றவளுக்கு, பின்னாலிருந்து பார்த்தால் எத்தனை பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. என்னைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து சிலருக்குக் கழுத்தே வலித்திருக்கும்.

மேல்முறையீடு வேண்டாம். மெஷின் சொன்னது சரிதான். திரையில் என்ன வந்தது தெரியுமா? "இந்த அமர்வில் நீங்கள் செயலற்றிருந்தீர்கள். வருகை பதிவாகவில்லை." அதை எழுதியவர் யாரோ என்னை நன்றாகத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கிளினிக்கில் கூட்டம். இந்த வாரம் மட்டும் நாற்பது பேருக்குக் காது சோதனை. ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறேன். அந்த அறையில் மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அது நல்லதாக இருக்கிறது.

உனக்கு என்னால் அவமானம். மன்னித்துக்கொள்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

மன்னிப்பு கேட்டு என்ன பிரயோஜனம்? உன்னிடம் நான் கேட்டது காரணம்.

நீ சொல்லாததால் நானே உன் பதிவைத் திறந்து பார்த்தேன். எனக்கு அந்த அனுமதி உண்டு. இதோ:

முதல் வாரம், சரியான நேரத்தில் உள்ளே வந்திருக்கிறாய். மணி அடித்திருக்கிறது. அதோடு சரி. ஒரு க்ளிக் இல்லை. ஒரு எழுத்து இல்லை. பக்கம் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அஞ்சாவது நிமிடம் "நீங்கள் இருக்கிறீர்களா?" என்று திரை கேட்கிறது. அழுத்த வேண்டியது ஒரே பட்டன், 'ஆம்'. முப்பது விநாடி பொறுத்துப் பார்க்கிறது. பதில் இல்லை. மூடிவிடுகிறது. அஞ்சரை நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

இரண்டாம் வாரமும் அதேதான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் அச்சடித்த மாதிரி. எட்டாவதும் அப்படியே.

ஏழாவது வாரம் மட்டும் ஒழுங்காக இருந்திருக்கிறாய். அஞ்சில் ஆம், பத்தில் ஆம், பதினஞ்சில் ஆம். முழு வருகை. பார், உன்னால் முடிகிறதே! மற்ற வாரமெல்லாம் மெழுகுவர்த்தியைத் தனியாக எரியவிட்டு எங்கே எழுந்து போனாய்? அடுப்பில் ஏதாவது வைத்திருந்தாயா? கிளினிக்கிலிருந்து போன் வந்ததா? அதையே எழுதிக் கொடு, ஒத்துக்கொள்வார்கள். எத்தனையோ ஆயர்கள் எட்டு வாரமும் இருபத்து நாலு தடவை 'ஆம்' அழுத்தியிருக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

நீ என் அக்கா என்பதற்காக நான் எதையும் மாற்றி எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். ஆனால் எங்கே போனாய் என்பதை மட்டும் சொல்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நான் எங்கும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தேன். முதல் மணி அடித்ததும் கண்ணை மூடினேன், முடிவு மணி அடித்ததும் திறக்கலாம் என்று. மணி அடிக்கவேயில்லை. ரொம்ப நேரம் கழித்து அத்தான் தோளைத் தொட்டு, "ஏம்மா, தூங்கிட்டியா? சாப்பிட வரலாமா?" என்றார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. திரையில் அந்த வாக்கியம். நீங்கள் செயலற்றிருந்தீர்கள்.

ஏன் அப்போதே சண்டை போடவில்லை என்று கேட்பாய். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு ஜெபம் வரவில்லை. வாய் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நன்றாகவே சொல்லும், கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். எனக்கு மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல இருக்கும். மைக்கில் பேசுவேன், அந்த முனையில் ஹெட்போன் மாட்டிய ஆள் இல்லை. இதை யாரிடம் சொல்வது? ஜெபம் நடத்துகிறவளே நான்தான். அதற்காகத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். உரிமத்துக்காக மட்டும் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு திரை வந்து, 'நீ செயலற்றவள்' என்று சொன்னால், சரி, கடைசியில் ஒருத்தருக்காவது தெரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அடுத்த வாரம் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடினேன். கிளினிக் டைமரை மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடியும் அதே வாக்கியம்.

இன்னொன்று. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு நீ போன் செய்தபோது நான் செயலாளரின் காரில் இருந்தேன். ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கையில் பை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "இருபது நிமிஷம் உன்னாலயே சும்மா உட்கார முடியல, நீ எப்படி ஒரு சபையை உட்கார வைப்பே?" என்றாய். செயலாளர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். கமிட்டிக் கூட்டத்தில்தான் சொன்னார். "தலைமையகத்துல வேலை பாக்கற சொந்தத் தம்பியே கேக்கறாருங்க" என்று ஆரம்பித்தார். அடுத்த நிமிடமே முடிவை எழுதிவிட்டார்கள்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

உன் கடிதத்தின் இரண்டாவது வரியைப் படித்ததும் தெரிந்துவிட்டது. கண்ணை மூடினால் திரை தெரியாது. இதைக் கண்டுபிடிக்கவா நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தேன்?

நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கேள்விப் பெட்டி தேர்வுப் பக்கத்துக்காக எழுதியது. தேர்வு எழுதுகிறவர் எழுந்து போய்விட்டாரா என்று பார்க்க. அதை அப்படியே எடுத்து மௌன அமர்வில் ஒட்டினேன். தேர்வில் அது 'டிங்' என்று சத்தமும் போடும். மௌன அமர்வாயிற்றே, மரியாதையாக இருக்கட்டும் என்று சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன். ரொம்ப நுணுக்கமாக யோசித்திருக்கிறாய் என்று இயக்குநர் பாராட்டினார்கூட. சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதே. பார்த்தேன். இருபது நிமிடத்தை இருபது விநாடியாகச் சுருக்கி, ஒரு கையில் பிஸ்கட்டோடு. மௌன ஜெபம் என்றால் ஜனங்கள் கண்ணை மூடுவார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நான் மூடிப் பல வருஷம் ஆகிறது.

'செயலற்றிருந்தீர்கள்' என்பதும் நான் எழுதியதுதான். உன்னைத் தெரிந்து எழுதியது இல்லை அக்கா. பட்டியலில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்.

இயக்குநரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சரி, அடுத்த தடவைக்குள்ள சரி பண்ணிடு. இப்ப வெளியில சொல்லாதே" என்றார். ஏன் என்று கேட்டேன். "முப்பத்தோரு பேரும் கண்ணை மூடிட்டு இருந்தாங்கன்னு சொன்னா, பாஸான நூத்தி எண்பத்தோரு பேரும் என்ன செஞ்சிட்டு இருந்தாங்கன்னு கேள்வி வருமா வராதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறகு மெதுவாக, "உங்க அக்காவோடதை மட்டும் இப்பவே திருத்திடு. கமிட்டிக்கு நான் ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன்" என்றார்.

சரி என்றேன்.

திருத்தியும்விட்டேன். உன் தவறிய ஏழு வாரக் கட்டங்களும் இப்போது பச்சை. எழுதவும் மாட்டேன் என்று அன்றைக்கு வீறாப்பு பேசியவன்தான். மற்ற முப்பது பேருடையதைத் தொடவில்லை. அவர்களில் யாருக்காவது என்னைப்போல ஒரு தம்பி இருக்கிறானா, தெரியவில்லை.

காரில் நீ எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

திருப்பி மாற்று. இன்றைக்கே. கட்டம் பச்சையாகி நான் மட்டும் மேடை ஏறினால், இறங்கும்போது கால் எங்கே வைப்பேன்?

இயக்குநர் போன் செய்துவிட்டார். செயலாளர் அலமாரிச் சாவியை வீட்டுக்கே கொண்டு வந்து, "ஏதோ தொழில்நுட்பக் கோளாறாம்" என்றார். நான் வாங்கவில்லை. "முப்பது பேரோடது வரட்டும், அப்புறம் தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவைக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன். ஏழாவது வாரத்தைத் தாண்டிப் போய்விட்டேன், நீ கவனிக்கவில்லை.

ஏழாவது வாரம் காலில் எறும்பு கடித்தது. குனிந்து தட்டிவிடக் கண்ணைத் திறந்தேன். மெழுகுவர்த்திக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி. நீங்கள் இருக்கிறீர்களா? கீழே இருபத்தாறு, இருபத்தஞ்சு என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதே புரிந்துவிட்டது எனக்கு. ஆறு வாரமும் இதுதான் நடந்திருக்கிறது என்று. இறங்குகிற எண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது. அழுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு கண்ணை மூடவே இல்லை. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று அந்தப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். வந்தது, அழுத்தினேன். மறுபடி வந்தது, அழுத்தினேன். கடைசியில் மணியும் அடித்தது. "வருகை பதிவானது. நன்றாகச் செய்தீர்கள்" என்று பச்சை எழுத்து.

கிளினிக்கில் தினமும் இரண்டு பேராவது அப்படி வருவார்கள். நான் ஒலியே அனுப்பியிருக்க மாட்டேன், பட்டனை அழுத்துவார்கள். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். கண்ணாடி வழியாக என் கையையே பார்ப்பார்கள், எப்போது அசைகிறது என்று. நான் திட்டமாட்டேன். தாளில் ஒரு சின்னக் குறி போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஏழாவது வாரம் நான் அந்த ஆள். எட்டாவது வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினேன்.

பட்டியல் வந்தபோதே இதை நான் சொல்லியிருந்தால் முப்பது பேருக்கும் விடிந்திருக்கும். சொன்னால் என் மூன்று 'ஆம்' வெளியே வரும். அதனால்தான் மெஷின் சரி என்று உனக்கு எழுதினேன். பாதி நம்பித்தான் எழுதினேன், அதுவும் உண்மை. மீதிப் பாதி ஒளிந்துகொள்ள.

ஆகவே இரண்டு வேலை செய். முப்பத்தோரு பேருக்கும் சேர்த்துத் திருத்து. என் ஏழாவது வாரத்தை மட்டும் வரவில்லை என்று போடு. அந்த ஒரு வாரம்தான் நான் அங்கே இல்லாதது. அந்தப் பெட்டியில் 'இல்லை' என்று ஒரு பட்டன் இருந்திருந்தால், அன்றைக்கு அதை அழுத்தியிருப்பேனோ என்னவோ. நீ அதை வைக்கவே இல்லையே!

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. எழுது. எழுதும்போது நீ நடுவில் குறுக்கே பேசுவதில்லை.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

திருப்பி மாற்றினேன். பிறகு முப்பத்தோரு பேருக்கும் மாற்றினேன். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு மடல் அனுப்பினேன். இயக்குநரிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். நகல் இதோடு வைத்திருக்கிறேன். நாலே வரி. தவறு என்ன, செய்தது யார், கண்ணை மூடியிருந்தவர்களை இல்லாதவர்கள் என்று எழுதியது யாருடைய கை. கீழே என் பெயர்.

பாஸான ஆயர் ஒருவர், மெழுகுவர்த்தியைப் பார்ப்பதும் ஜெபம்தான் என்று பத்து நிமிடம் போனில் சத்தம் போட்டார். இருக்கலாம், நான் யார் அதைச் சொல்ல. அதற்குள் ஒன்பது பேர், 'நானும் அழுத்தினேன்' என்று ஒற்றை வரியில் பதில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்த வாக்கியத்தை ஆபீஸ் மெயிலில் எழுதுகிறேன். புதன்கிழமை ஆலோசனைக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். இயக்குநர் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் செயலாளருக்குத் தனியாக ஒரு கடிதம். அன்றைக்குக் காரில் கேட்ட வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதி, அதைச் சொன்னவனுக்கு இருபது நிமிடம் உட்காரத் தெரியாது என்று கீழே எழுதினேன். கமிட்டியில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். சத்தமாக.

உன் பதிவு இப்போது இப்படி இருக்கிறது: ஏழு வாரம் வருகை, ஏழாவது வாரம் இல்லை. திருத்தியதற்குக் காரணம் என்று ஒரு இடம் கேட்கும். 'அவரே சொன்னார்' என்று போட்டேன். எட்டில் ஆறு போதும் என்பதால் உரிமம் வந்துவிடும். சாவியை வாங்கிக்கொள்.

கேள்விப் பெட்டியை எடுத்துவிட்டேன். நடுவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முடிவு மணி அடித்த பிறகு மட்டும், "நீங்கள் இருந்தீர்களா?" என்று கேட்கும். இப்போது இரண்டு பட்டன், ஒரே அளவில். எதை அழுத்தினாலும் பெயில் இல்லை.

நேற்று மதிய இடைவேளையில் என்னையே மாணவனாகச் சேர்த்துக்கொண்டு முதல் வாரத்துக்கு உட்கார்ந்தேன். பிஸ்கட் இல்லை. இருபது நிமிடமும் இருபது நிமிடமாகவே. கண்ணை மூடியதும் ஏசி சத்தம். அப்புறம் அந்தக் காருக்குள் ஸ்பீக்கரில் என் குரல். அது ஓயவே இல்லை. பதினோராவது நிமிடம் தாங்காமல் கண்ணைத் திறந்து மெயில் பார்த்தேன். மீதி ஒன்பது நிமிடமும் மெயில்தான். மணி அடித்தது. திரை கேட்டது. அறையில் யாரும் இல்லை.

'இல்லை' அழுத்தினேன். அதை அழுத்திய முதல் ஆள் நான்தான்.

அழுத்திய பிறகு திரையில் என்ன வர வேண்டும் என்று நான் இன்னும் எழுதவில்லை. பழைய வாக்கியத்தை அழித்துவிட்டேன், புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, மெழுகுவர்த்தி மட்டும் எரிகிறது. அங்கே ஒரு வரி வேண்டும். நீ எழுதிக் கொடு.

அவசரமில்லை.

தம்பி